ஆடாத சக்கரமும் கெட்டிருக்கும்

"வீலைப் புடிச்சு ஆட்டிப் பார்த்தேனுங்க, ஆட்டமே இல்ல. பேரிங் நல்லாத்தான் இருக்குது."

கருமத்தம்பட்டியிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் கார் பட்டறைகளில் இந்தத் தீர்ப்பு தினமும் வழங்கப்படுகிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து, இரண்டு தடவை அசைத்துவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்வார். வண்டிக்காரரும் தலையாட்டிவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு கிளம்புவார். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அடியிலிருந்து எழும் உறுமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தத் தீர்ப்பு தவறு. இதைச் சொல்பவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர்கள்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் வித்தை வேறொரு வண்டிக்காகக் கற்றது.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லாரிப் பட்டறையில் ஹப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். டீசலில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து ரோலர்களுக்கு இடையே அழுத்தி ஏற்றி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பிறகு சற்றே தளர்த்திப் பூட்டுவார்கள். அந்தத் தளர்வு எவ்வளவு என்பதை வைப்பது மெக்கானிக்கின் கை. ஓட ஓட ரோலர் தேயும், இடைவெளி கூடும், சக்கரம் ஆடும். பழைய ஜீப்புகளிலும் இதே கதைதான். இந்த வண்டிகளுக்கு ஆட்டிப் பார்ப்பது நேர்மையான சோதனை. லாரிக்கு இன்றைக்கும் அதுதான் சரி. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை வடமாநிலத்துக்கு ஓட்டிப் போகிறவரிடம் இதை மறுத்துப் பேசும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஆனால் இன்றைய காரின் முன்சக்கரத்தில் இருப்பது இருபுறமும் சீல் வைத்து அடைத்த, இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட ஒரே பேரிங். அதற்குள் எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. ஆக்சில் நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கும்போது உள்வளையத்தின் இரண்டு பாதிகளும் நெருங்கி, குண்டுகளுக்கு விளையாட இடமே இல்லாமல் போகிறது. இப்படிப்பட்ட பேரிங் தேய்ந்து தளர்ந்து கெடுவதில்லை. கோடிக்கணக்கான தடவை குண்டு உருண்டுபோன பாதையில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு நுண்ணிய விரிசல் பிறக்கிறது. அது மேலே ஏறிவந்து, எஃகில் ஒரு சிறு செதில் பெயர்ந்து விழுகிறது. அடுத்து வரும் ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைத் தாண்டும்போது ஒரு சின்ன அடி. அந்த அடிகள் வரிசையாகச் சேர்ந்துதான் உறுமலாகக் காதில் விழுகின்றன. பாதையின் மற்ற இடமெல்லாம் சரியாக இருப்பதால் சக்கரம் இம்மியும் அசையாது.

ஆட்டம் வராமல் இருக்காது, கடைசியில் வரும். செதில்கள் பெயர்ந்து பெயர்ந்து, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடையத் தொடங்கிய பிறகு வரும். அப்போது டிஸ்க் சாய்ந்து பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளும், பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலும் எரியும். அந்தக் கட்டத்தைத்தான் "இப்பத்தானுங்க போயிருக்குது" என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் அது கத்திக்கொண்டிருந்தது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆட்டம் தெரிந்துவிட்டால் அது பேரிங்தான் என்பதும் அரைகுறைத் தீர்ப்பே. பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் சக்கரம் மேலும் கீழும் ஆடும். டை ராட் தேய்ந்தால் பக்கவாட்டில் ஆடும். ஒருவரைக் காருக்குள் உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். பிடித்தபிறகும் ஆடினால் குற்றவாளி வேறு ஆள். அரை நிமிட வேலை இது. இதைச் செய்கிற பட்டறையைக் கண்டால் அங்கேயே வாடிக்கையாளராகிவிடலாம்.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் வாதாட வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் சுழலும் இரும்பின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தது. நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும் ஸ்பிண்டில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் மில்லில் எந்த ஃபிட்டராவது ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்திருப்பாரா? ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். தோட்டத்து மோட்டாருக்கும் அப்படித்தான். "பேரிங் கத்துதுங்க" என்று சொல்லித்தான் விவசாயி மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுவருகிறார்; "ஷாஃப்ட் ஆடுது" என்று சொல்லும் நிலை வரும்வரை காத்திருந்தால் ரோட்டார் ஸ்டேட்டரில் உரசி, காயிலும் சேர்ந்து எரியும் என்பது அவருக்குத் தெரியும். கிணற்றடியில் காதை நம்புகிற அதே ஆள், கார் பட்டறையில் கையை நம்புகிறார்.

உலகப் புகழ்பெற்ற எஸ்கேஎஃப் பேரிங் கம்பெனியின் பிறப்புகூட ஒரு மில்லில்தான். ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்து நூற்பாலை ஒன்றில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். களிமண் தரை அமுங்கி அமுங்கி லைன் ஷாஃப்டின் நேர் கெட்டு, பேரிங்குகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. சலித்துப்போன அவர், ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை உருவாக்கினார். 1907இல் கம்பெனி பிறந்தது. கோயம்புத்தூரின் பீளமேட்டுக்கு வந்திருந்தால் அவருக்கு அந்நியமாகவே இருந்திருக்காது.

சத்தத்துக்கு வருவோம். "சத்தத்தை வெச்சு என்னத்தைங்க கண்டுபிடிக்கிறது, ஆயிரம் சத்தம் வரும்" என்று ஒரு வாதம் உண்டு. ஆயிரம் சத்தம் வரும், உண்மை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கும் உண்டு. சிறிய கார்களில் பரவலாக இருக்கும் 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 தடவைக்குச் சற்று மேல் சுற்றும். டயரில் ஓரிடத்தில் தட்டை விழுந்திருந்தால் சுற்றுக்கு ஓர் அடி, அதாவது நொடிக்கு 11 அடி: அது தட்தட்டென்ற தட்டலாகத்தான் இருக்கும். பேரிங்கில் ஒரு வரிசைக்கு 13 குண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். வெளிவளையத்தில் உள்ள குழியைச் சுற்றுக்கு ஐந்து குண்டுகளுக்குச் சற்று மேலாகத் தாண்டும்; உள்வளையம் என்றால் ஏறத்தாழ எட்டு. ஆக நொடிக்கு 60 முதல் 90 அடிகள். காது அதைத் தனித்தனி அடிகளாகக் கேட்காது, ஒரே உறுமலாகத்தான் கேட்கும். வேகம் கூடினால் அதன் சுருதியும் கூடும். கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு விட்டாலும் மாறாது. சக்கரத்தின் வேகம் ஒன்றுதான் அதற்கு எஜமான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், பேரிங் நன்றாக இருப்பதற்கு ஆதாரமாக நம்மவர்கள் சொல்லும் இன்னொரு வாதமும் உடைகிறது. "போன வாரம் வால்பாறை போய்ட்டு வந்தோமுங்க, மலையில சத்தமே இல்ல" என்பார்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் அதே குழியின் அடி நொடிக்கு 18, 28 என்று இறங்கிவிடும். மனிதக் காது கேட்கத் தொடங்குவதே 20 வாக்கில். மேலே இரண்டாவது கியரில் இன்ஜின் வேறு அலறிக்கொண்டிருக்கும். அந்த வளைவுகளில் வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் பாரம் நேர்ச்சாலையைவிடக் கூடுதலாகத்தான் விழுகிறது. பேரிங் அங்கே அடி வாங்கிக்கொண்டு மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்துக்கு நலம் என்று பொருள் கொள்ளக் கூடாது.

இனி எதிர் முகாம். ஆட்டிப் பார்ப்பவர்களுக்குப் பதிலடியாக ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. இவர்களுக்குச் சத்தம் என்றாலே பேரிங். "உய்ங்னு வருதா? பேரிங்தான். ரெண்டு பக்கமும் மாத்திருங்க, நிம்மதி." இவர்கள்மேல் எனக்கு முன்னவர்களைவிடக் கோபம் அதிகம். முன்னவர் பழைய சோதனையாவது செய்கிறார். இவர்கள் எந்தச் சோதனையும் செய்வதில்லை.

ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் டயர் அலை அலையாகத் தேயும். அலைன்மென்ட் கெட்ட வண்டியில் டயர் கட்டங்களின் ஓரம் ரம்பப்பல் மாதிரி எழும்பும். இரண்டும் பேரிங் உறுமலுக்கு மிக நெருக்கமான சத்தத்தைத் தரும். பிரித்தறிய ஒரு வழி, சாலை மாறும்போது கேட்பது. பழைய தாரிலிருந்து புதிய தாருக்கோ, தாரிலிருந்து கான்கிரீட்டுக்கோ ஏறும் இடத்தில் டயர் சத்தம் சட்டென்று நிறம் மாறும். பேரிங் சத்தத்துக்கு எந்தச் சாலையானாலும் ஒன்றுதான். இன்னும் சந்தேகம் இருந்தால், முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் இடம் மாறினால் டயர். மாறாவிட்டால் டயருக்கு விடுதலை. பாகம் எதுவும் வாங்காமல் கிடைக்கும் இந்தத் தீர்ப்பை, பேரிங்கை மாற்றி முடித்து, சத்தம் போகாமல் திரும்பி வந்த பிறகுதான் பலர் தேடுகிறார்கள்.

எந்தப் பக்கம் என்பதற்கும் வழி இருக்கிறது. ஆளரவமற்ற, அகலமான சாலையில் சீரான வேகத்தில் போகும்போது வண்டியை மெதுவாக வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்கு மாறும். அப்போது உறுமல் ஓங்கினால் இடப்பக்கத்தின்மேல் சந்தேகம். இங்கே ஒரு எச்சரிக்கை. இரட்டை வரிசை பேரிங்கில் எந்த வரிசையில் குழி விழுந்தது என்பதைப் பொறுத்து இந்த விதி தலைகீழாகவும் போகும். ஆகவே இது கைகாட்டி மட்டும். தீர்ப்பு காரைத் தூக்கிய பிறகுதான். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறுகையை காயில் ஸ்பிரிங்மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். நல்ல பக்கத்தையும் அதே மாதிரி சுற்றி ஒப்பிட வேண்டும். ஒப்பிடாத கைக்கு எல்லாமே கரகரப்புதான். டிஸ்க்குக்கும் அதன் தகரக் கவசத்துக்கும் நடுவே சிக்கிய சரளைக்கல்லை எடுத்துப்போட்டதும் "பேரிங் சத்தம்" மாயமாய்ப் போனதும் உண்டு.

"ரெண்டு பக்கமும் மாத்திருங்க" என்பதற்கும் ஒரு பதில். பிரேக் பேடை ஜோடியாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். பேரிங்குக்கு அந்த நியாயம் பொருந்தாது. பேரிங்கின் ஆயுள் என்று அட்டவணைகள் தருவதே நூற்றில் 90 தாண்டிவிடும் என்று எதிர்பார்க்கும் அளவைத்தான். ஒரே நாளில், ஒரே எந்திரத்தில் செய்தவற்றுக்குள்கூட ஆயுள் பல மடங்கு வித்தியாசப்படும். இடது போனால் வலதும் போகப்போகிறது என்பதற்கு அடிப்படையே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் இறுக்கி அமர்த்திய பேரிங்கைக் கழற்றினால் அது கெட்டுப்போகும், மறுபடி போட முடியாது. நல்ல பேரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தவறாகப் பொருத்தப்படும் அபாயத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் முடியும்.

அந்த அபாயம் சிறியதல்ல. புதிய பேரிங் ஆறு மாதத்தில் கத்தத் தொடங்கினால் நம் ஊரில் இரண்டே காரணங்கள்தான் சொல்லப்படும்: ரோட்டுப் பள்ளம், இல்லையென்றால் டூப்ளிகேட். இரண்டும் நடக்காததில்லை. வேகமாகப் பள்ளத்தில் விழுந்தால் வளையத்தில் வடு விழும்; போலி பேரிங் சந்தையில் இருப்பதும் உண்மை. ஆனால் மூன்றாவது காரணம் பட்டறைக்குள்ளேயே நிற்கிறது. அது சுத்தியல். 1900 வாக்கில் பிரினெல் என்ற ஸ்வீடன்காரர், உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு கெட்டிக் குண்டை அதன்மேல் அழுத்தி, விழுந்த குழியை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஹப்பைப் பேரிங்குக்குள் சுத்தியலால் அடித்து ஏற்றும்போது அதே சோதனையைத்தான் வாடிக்கையாளர் பேரிங்குக்குள் செய்கிறோம். அடி உள்வளையத்தில் விழுந்து, குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போகிறது; போகும் வழியில் ஒவ்வொரு குண்டும் தன் தடத்தைப் பதித்துவிடுகிறது. வண்டி பட்டறையை விட்டு வெளியே வருமுன்பே பேரிங் பாதி செத்துவிட்டது.

கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது நடப்பதற்கு மன்னிப்பே கிடையாது. நக்கிளைக் கழற்றி எடுத்துப்போய், பேரிங்கை உள்ளே ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்தி, ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுத்தால் குண்டுகள்மேல் பாரமே விழாது. பழைய உள்வளையத்தின் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புல்லர் போட்டு எடுக்க வேண்டும். கிரைண்டரில் அறுக்கும்போது ஹப்பில் கீறல் விழுந்தால் புது பேரிங் அந்தக் கீறலின்மேல் உட்காரும். 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் பலவற்றில் சென்சாருக்கான காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். ஒரு குண்டூசியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பிப் போட்டுவிட்டால் விளக்கு எரியும். மறுபடி கழற்ற வேண்டும். கழற்றினால் பேரிங் போச்சு.

கடைசியில் முறுக்கும் ஆக்சில் நட்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பைப் போட்டு இரண்டு ஆள் தொங்கி முறுக்குவதை நம்மூரில் வலிமையின் அடையாளமாக நினைக்கிறார்கள். இந்த நட்டுதான் உள்வளையத்தின் இரு பாதியையும் நெருக்கிப் பிடிப்பது. குறைவாக முறுக்கினால் குண்டுக்கு இடைவெளி விழுந்து சீக்கிரம் சாகும். கூடுதலாக முறுக்கினால் அது வேறு கேடு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையை எடுக்கக் கூடாது. நட்டு முழுதாக இறுகுமுன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டவும் கூடாது.

"கிரீஸ் அடிச்சா சரியாயிருங்க" என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீல் வைத்த பேரிங்குக்குள் கிரீஸ் போக வழியில்லை. போனாலும் பெயர்ந்த எஃகு திரும்ப ஒட்டாது.

பட்டறைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. கனமழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்தடியிலும் கிக்கானி பள்ளி பாலத்தடியிலும் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த விஷயம். முன்னால் ஒரு பஸ் போகிறதே என்று நாமும் இறக்கிவிடுகிறோம். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் சீல் ஓரமாகத் தண்ணீர் உள்ளே போகும். பிறகு வண்டி சில நாள் நின்றால், குண்டு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடிக்கும். சில வாரம் கழித்து உறுமல் வரும்போது மழை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வாட்டர் சர்வீஸில் உயர் அழுத்தக் குழாயை ஹப்புக்கு நேரே பிடித்து அடிப்பதும் இதே வேலையைச் செய்யும். அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளி அலாய் வீலும் ஸ்பேசரும் போடுகிற தம்பிகளுக்கு ஒரு கணக்கு: குண்டு பேரிங்கின்மேல் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். பாரம் கொஞ்சம் கூடினாலும் ஆயுள் கொஞ்சமாகக் குறைவதில்லை.

அடுத்த தடவை பேரிங் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு தகவல். லேத்தில் வெளிவளையத்தை வெட்டித் திறந்து, துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் செதில் பெயர்ந்திருந்தால் அது ஓடி உழைத்துக் களைத்த பேரிங். யாரையும் குறை சொல்ல வேண்டாம். பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தண்ணீர். குண்டுக்குக் குண்டு உள்ள இடைவெளியில் வரிசையாக வடு விழுந்திருந்தால், போன தடவை அதைப் பொருத்தியது யார் என்று பில்லை எடுத்துப் பாருங்கள். பாதை முழுக்கப் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால், நீங்கள் பேரிங்குக்குக் காசு கொடுத்தது டயரின் சத்தத்துக்காக.